ஆடைத் தொழிற்சங்கங்களில் பெண்கள்: நிர்வாகக் குழுவில் இட ஒதுக்கீடா, தனிப் பெண்கள் குழுவா?

வினா: செக்கிங் பிரிவுத் தொழிலாளி, திருப்பூர்

தோழர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனியில் பெண்களே பெரும்பான்மை. சங்கத்துக்குச் சந்தா கட்டுவோரிலும் நாங்களே அதிகம். ஆனால் கிளை நிர்வாகக் குழுவில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறார். அவருக்குத் துணைத் தலைவர் என்ற பொறுப்பு உண்டு. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடக்கும்போது அவரை அழைப்பதில்லை.

இதன் விளைவை ஒவ்வொரு கோரிக்கைப் பட்டியலிலும் பார்க்கிறோம். ஷிப்ட் கூலி, பஞ்சப்படி, போனஸ் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன; அவை எங்களுக்கும் உயிரான கோரிக்கைகள்தான். ஆனால் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைச் சூப்பர்வைசர் கணக்கெடுப்பது, பீஸ் குறைந்தால் எல்லோர் முன்னாலும் கூசும்படி ஏசுவது, ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் திரும்பும் பெண்களை வேன் பிரதான சாலையிலேயே இறக்கிவிட்டுச் செல்வது, குழந்தைக் காப்பகம் என்று பலகை மாட்டிய அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பது ஆகியவற்றில் ஒன்றுகூட இதுவரை எழுத்தில் ஏறியதில்லை. "அவற்றைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்ற பதிலே எப்போதும் கிடைக்கிறது.

விரைவில் கிளை மாநாடு நடக்கவிருக்கிறது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்குக் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாமா, அல்லது பெண்களுக்குத் தனிக் குழு அமைக்கச் சொல்வது நல்லதா என்று சிலர் கலந்து பேசி வருகிறோம். இட ஒதுக்கீடு சங்கத்தைப் பிளந்துவிடும் என்று சில ஆண் தோழர்கள் உண்மையான கவலையோடு சொல்கிறார்கள். பாலியல் தொல்லை குறித்த புகார்களைச் சங்கம் கையில் எடுக்க வேண்டுமா, கம்பெனியின் புகார்க் குழுவிடமே விட்டுவிட வேண்டுமா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: சங்க அமைப்பாளர், திண்டுக்கல்

வணக்கம் தோழர். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2021 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கொல்லப்பட்ட பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பட்டியல் சாதிப் பெண்கள் தலைமையேற்று நடத்தும் அந்தச் சங்கம், இதை ஒரு தனிமனிதக் குற்றம் என்று காவல் நிலையத்தோடு முடித்துக்கொள்ளாமல், தொழிற்சாலைக்குள் பல காலமாக நிலவிய வன்முறையின் முடிவாகவே கண்டு போராடியது. ஆசிய நாடுகளின் ஆடைத் தொழிலாளர் கூலிக்காக இயங்கும் ஆசியத் தளக் கூலிக் கூட்டணியும் அமெரிக்காவிலுள்ள தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் உடன் நின்றன. அதன் பயனாக 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், ஆடை வாங்கும் பிராண்டான எச் அண்டு எம் நிறுவனத்தோடும் கையெழுத்தானதுதான், தொழிற்கூடத்தில் பெண்கள் மீதான வன்முறையையும் தொல்லையையும் தடுப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம். பின்னர் கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் சேர்ந்தன. இதற்கு முன்னோடி, ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலைகளுக்காக 2019இல் ஏற்பட்ட ஒப்பந்தம். ஆசியாவில் இந்த வகையில் திண்டுக்கல் ஒப்பந்தமே முதலாவது.

இந்த ஒப்பந்தத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி, தொழிற்கூடத்துக்குள் செய்த ஏற்பாடு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். தனக்கு நேர்ந்ததை எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அறைக்குப் போய்ச் சொல்லத் துணியாத பெண், பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வார். அந்தப் பக்கத்து மெஷின்காரருக்குப் பயிற்சியும், புகாரை மேலே கொண்டுசெல்லும் அதிகாரமும், அதனால் வேலைக்கு ஆபத்து வராது என்ற பாதுகாப்பும் இருந்தால், தொல்லை வளர்ந்து வன்முறையாக முற்றுவதற்கு முன்பே தடுக்கலாம். ஏச்சுப் பேச்சு, டார்கெட் அழுத்தம், சாதியைச் சுட்டிப் பேசுவது, வெளிமாநிலத்தவர் என்று ஒதுக்குவது எல்லாமே ஒரே வேரிலிருந்து வருகின்றன என்ற புரிதல் ஒப்பந்தத்தின் எழுத்திலேயே உண்டு. புகார்களை நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்கள் விசாரிக்க வழி இருந்தது. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன. ஆர்டர் போய்விடும் என்ற நிலை வந்த பிறகுதான் சூப்பர்வைசரின் குரல் தணிகிறது என்பதை நாம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிர் போய், பல நாடுகளில் பிரசாரம் நடந்த பிறகுதான் இந்த ஒப்பந்தம் வந்தது. அதுவும் ஒரே ஒரு நிறுவனத்தின் தொழிற்கூடங்களுக்கு மட்டும். ஆனாலும் லைனுக்கு (மெஷின் வரிசைக்கு) ஒரு பிரதிநிதி என்ற ஏற்பாட்டைச் செய்ய எந்தப் பிராண்டின் கையெழுத்தும் தேவையில்லை. உங்கள் சங்கமே இன்று தொடங்கலாம். அந்தப் பிரதிநிதிகளை லைன் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் அவர்களில் இருக்கட்டும். நிர்வாகக் குழுவின் இடங்கள் அவர்களைக் கொண்டு நிரம்பும்போது, யாரோ ஒருவர் கைகாட்டி உட்கார வைத்த பெண்ணாக எவரும் இருக்க மாட்டார்.

மறுமொழி: பனியன் சங்க மூத்த உறுப்பினர், திருப்பூர்

அன்புள்ள தோழர், உங்கள் கேள்வி எங்கள் தலைமுறையை நோக்கி எழுப்பப்பட்டது என்பதால் எழுதுகிறேன். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர் இது. இன்றைய சங்கங்களின் நடைமுறை அந்தப் போராட்டத்தில் உருவானது. அப்போது பனியன் கம்பெனிகளில் ஆண்களே பெரும்பான்மை. இரவு எட்டரை மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூடுவதும், கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று முடிவை உறுதிசெய்வதும் அவர்களுக்கு இயல்பாக இருந்தன. ஏற்றுமதி பெருகி ஆயிரக்கணக்கான பெண்கள் உள்ளே வந்தார்கள். கூட்டத்தின் நேரமும் இடமும் மாறவில்லை. பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைசொல்லும் தோழர்கள், அந்த நேரத்தில் அந்தப் பெண் வீட்டில் அடுப்படியில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூலி ஒப்பந்தத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். கட்டிங், சிங்கர், ஓவர்லாக், அயர்னிங், செக்கிங், கைமடி (கையால் மடித்துக் கொடுக்கும் வேலை) என்று பிரிவு வாரியாக ஷிப்ட் கூலி பேசுகிறோம். பெண்கள் அதிகமாக இருக்கும் செக்கிங்கும் கைமடியும் கூலிப் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்துவருகின்றன. ஒரு பீஸில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு ஏன் குறைந்த விலை என்று பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டுமானால், அந்த வேலையைச் செய்பவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெண்களின் மானத்தைக் காப்பது சங்கத்தின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம் மண்ணின் வரலாற்றை நினைவூட்டுங்கள். 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட, கோவைப் பகுதியின் சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் வழக்கின் தொடக்கமே ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமைதான்.

ஆனால் இட ஒதுக்கீட்டை முதல் படியாக வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பயிற்சி பெற்ற பெண்கள் தயாராவதற்கு முன் இடங்களை ஒதுக்கினால், நிர்வாகிகளின் மனைவியர் பெயரும் உறவினர் பெயரும் அந்த இடங்களில் ஏறிவிடும். தனிக் குழுவும் எனக்கு உவப்பில்லை. முக்கியமான முடிவுகளைப் பொதுக்குழு எடுத்துக்கொண்டு, மார்ச் 8 விழாவைப் பெண்கள் குழுவிடம் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முதலில் ஓராண்டு பயிற்சி கொடுத்துப் பெண்களைத் தயார்செய்யுங்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி: டெய்லர், பெங்களூரு

மூத்த தோழருக்கு வணக்கம். உங்கள் சொற்களில் உள்ள அக்கறையை மதிக்கிறேன், ஆனால் பெண்கள் தயாராகக் காத்திருக்க வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்திருந்தது. கார்மென்ட்ஸில் நாற்பது வயதைக் கடந்தவரையே வேலையில் வைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். மகள் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்கள். எந்தப் பெரிய சங்கமும் அழைக்காமலே அவர்கள் வெளியே வந்தார்கள். இரண்டே நாளில் அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தடியடியும் கைதுகளும் நடந்தன என்பதையும் மறக்க முடியாது.

அந்த எழுச்சிக்குப் பிறகு சங்க உறுப்பினர் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை என்பதே என் வருத்தம். சாலையை மறிக்கத் தயாராக இருந்த பெண்கள் சங்கத்துக்குள் வரவில்லை என்றால், சங்கத்தில் அவர்களுக்கு என்ன இடம் வைத்திருந்தோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பயிற்சியும் வேண்டும்தான், ஆனால் பொறுப்பில் இருந்துகொண்டே கற்கும் உரிமை ஆண் தோழர்களுக்குக் கிடைத்ததைப் போலப் பெண்களுக்கும் கிடைக்கட்டும். முதன்முதலில் செயலாளரான ஆண் தோழர் எவரும் ஓராண்டு பயிற்சி முடித்துவிட்டு வந்தவர் அல்லவே.

மறுமொழி: தொழிலாளர் வழக்கறிஞர், கோவை

சட்ட நிலையைச் சுருக்கமாக எழுதுகிறேன் அம்மா. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் கொண்ட இந்தக் குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நிறுவனத்தில் பெண்கள் என்ன விகிதத்தில் வேலை செய்கிறார்களோ, அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். உங்கள் கம்பெனியில் பெண்களே பெரும்பான்மை என்றால் அந்தக் குழுவிலும் பெண்களே பெரும்பான்மையாக இருந்தாக வேண்டும். ஆனால் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசும் சங்கத்துக்கு இத்தகைய விதி எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும்.

இந்த 51 என்ற எண்ணை உங்கள் ஆண் தோழர்களிடம் எடுத்துக்காட்டுங்கள். பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் கம்பெனியில் பெண்களின் முழு நம்பிக்கை இல்லாமல் எந்தச் சங்கமும் அந்த எல்லையைத் தொட முடியாது. இட ஒதுக்கீடு சங்கத்தைப் பிளக்கும் என்ற அச்சத்துக்கு என் விடை இதுதான்: பெண்களை வெளியே நிறுத்தும் சங்கம் இனிமேல் பேசும் தகுதியையே இழக்கும். புதிய சட்டம் தொழிலாளர்களிடமிருந்து பறித்தவை பல. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்பது அவற்றில் ஒன்று. அதனால்தான் உள்ளே ஒன்றுபட்டு நிற்பதற்கு முன்னைவிட இப்போது அவசியம் கூடியிருக்கிறது.

பாலியல் தொல்லைப் புகார்கள் குறித்து: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். நிறுவனம் ஏற்பாடு செய்த வேனும் சட்டத்தின் பார்வையில் பணியிடமே. ஆகவே வேன் ஓட்டுநர் செய்யும் தொல்லையும் இதில் அடங்கும். புகார் முதலாளியின் மீதே என்றால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவை அணுகலாம்.

இந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம், உள்ளகக் குழுவின் உறுப்பினர்களை முதலாளியே நியமிக்கிறார் என்பது. சங்கம் விலகி நின்றால் எச்.ஆர். மேலாளருக்கு வேண்டியவர்களே அந்த இடங்களில் இருப்பார்கள். விசாரணை நடத்துவது குழுவின் கடமை; அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், புகார் கொடுத்த பெண்ணை வேறு பிரிவுக்குத் தூக்கியடிக்கிறார்களா, சாட்சி சொன்னவரின் ஓவர்டைமை நிறுத்துகிறார்களா என்று பார்ப்பது சங்கத்தின் கடமை. உறுப்பினர்களின் பெயரைச் சங்கம் பரிந்துரைக்கும் உரிமையைக் கூலி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகவே சேர்க்கக் கேளுங்கள். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

மறுமொழி: முன்னாள் ஆடைத் தொழிலாளி, வவுனியா

சகோதரிக்கு வணக்கம். எங்கள் நாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. போர் முடிந்த பின்னர் வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் சபை என்ற ஒன்றை நிர்வாகங்கள் முன்வைப்பது இங்கே வழக்கம். பெண்கள் அந்தச் சபைகளில் தாராளமாக இருப்பார்கள். படங்களிலும் அறிக்கைகளிலும் பெண்களின் பிரதிநிதித்துவம் நிறைவாகத் தெரியும். ஆனால் அந்தச் சபை உணவு, சுற்றுலா, விளையாட்டுப் போட்டி பற்றிப் பேசுமே ஒழிய, சம்பளத்தையோ இலக்கையோ பேசித் தீர்க்கும் பலம் அதற்குக் கிடையாது. 1999ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டத்தின்படி, 40 சதவீத ஊழியர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. அந்த 40 சதவீதத்தை எட்டவிடாமல் தடுப்பதற்கு ஊழியர் சபை நல்ல கருவியாகப் பயன்படுகிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வழக்கறிஞர் குறிப்பிட்ட குறைதீர்ப்புக் குழுவில் பெண்கள் பெரும்பான்மையாக இருப்பதோடு நீங்கள் திருப்தி அடைந்துவிடக் கூடாது. சங்கத்தின் பின்பலம் இல்லாமல் அதில் அமரும் பெண்கள், நிர்வாகம் எழுதிவைத்த குறிப்பில் கையொப்பமிடுபவர்களாக ஆகிவிடுவார்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கவில் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது பொலிஸார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பின்னர் அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. அந்த நாட்களில் பெண் பிள்ளைகள் தாங்கள் வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் அறைகளில் கூடிக் கதைத்தே ஒன்றுசேர்ந்தார்கள், சபைகளின் கூட்டங்களில் அல்ல. ஆகவே கூட்டம் போடும் இடத்தைப் பற்றி மூத்த தோழர் சொன்னது மிகவும் சரி. பெண்கள் தங்கியிருக்கும் இடத்துக்குச் சங்கம் போக வேண்டும்.

மறுமொழி: செக்கிங் பிரிவுத் தொழிலாளி, திருப்பூர் (வினா எழுப்பியவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று எங்கள் லைன் பெண்களோடு அமர்ந்து இவை அனைத்தையும் படித்துக் காட்டினேன். மாநாட்டுக்கு இவ்வாறு எழுதியிருக்கிறோம்: ஒவ்வொரு லைனிலும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகிய ஒவ்வொரு பிரிவிலும் தொழிலாளர்கள் தாங்களே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு உரிய இடங்களை, உறுப்பினர்களில் பெண்களின் விகிதத்துக்கு ஏற்ப, இந்தப் பிரதிநிதிகளிலிருந்தே நிரப்ப வேண்டும், பேச்சுவார்த்தைக்குச் செல்லும் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கூட்டங்களை ஞாயிறு காலையில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு நடத்த வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். உறவினர் பெயர் ஏறிவிடும் என்ற மூத்த தோழரின் அச்சத்துக்கு, அந்தக் கம்பெனியில் வேலை செய்யாத எவரும் இந்த இடங்களுக்குப் போட்டியிட முடியாது என்ற நிபந்தனையை வைத்திருக்கிறோம். அவர் சொன்ன பயிற்சியும் தீர்மானத்தில் இருக்கிறது, பொறுப்பேற்ற பிறகு நடக்கும் பயிற்சியாக.

ஒரு சந்தேகம் மட்டும். இதற்குச் சங்க விதிகளைத் திருத்த வேண்டுமா, மாநாட்டுத் தீர்மானமே போதுமா?

மறுமொழி: தொழிலாளர் வழக்கறிஞர், கோவை

தீர்மானம் மட்டும் போதாது அம்மா. அடுத்த நிர்வாகக் குழு அதை மாற்றிவிட முடியும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை சங்கத்தின் விதிகளில் இருப்பதால், விதித் திருத்தமாகவே கொண்டுவாருங்கள். உங்களுடையது கிளை என்பதால் பதிவு பெற்ற தலைமைச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் திருத்த அதிகாரம் யாருக்கு உள்ளது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பொதுக்குழுவுக்கே இருக்கும். அப்படியானால் கிளை மாநாட்டில் பரிந்துரையாக நிறைவேற்றி மேலே அனுப்ப வேண்டும். பொதுக்குழு ஏற்றதும் காலம் தாழ்த்தாமல் தொழிற்சங்கப் பதிவாளருக்குத் திருத்தத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாட்கள் இருக்க முடியாது என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதால், உங்கள் நிபந்தனை சட்டத்தோடு ஒத்துப்போகிறது. வரைவை இங்கே பதிவிட்டால் சொற்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.